ஓட்டை போடாத மொடா

என் மாமனார் ஒரு பானைக்கு முன்னால் நின்று கும்பிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது சாமிப் பானை இல்லை, பொங்கல் பானையும் இல்லை. விதைநெல் ஊறப்போடுகிற மொடா. ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்தால் தலை வெளியே தெரியாது, அவ்வளவு பெரிது. என் இரண்டு செடிகளைக் கொன்றது அதுதான். கொன்றது அது என்று சொல்வதுகூடத் தப்பு. மண்ணைக் குழைத்துச் சுட்ட பானைக்கு என்ன தெரியும்? கொன்றவர்கள் மனிதர்கள். பழியை என் கைமேல் போட்டதும் அவர்கள்தான். இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

நான் கரையாம்புத்தூர்ப் பெண். பாகூரில் வாழ்க்கைப்பட்டேன். புகுந்த வீட்டில் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் இருந்தன. அவற்றைவிட அதிகமாகப் பெருமை இருந்தது. மூத்த மகனான என் புருஷனுக்குச் சைகோனில் பிரெஞ்சுக்காரர்களின் கிடங்கு ஒன்றில் காவல் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறிவிட்டார். உலகச் சண்டை வருவதற்கு முன்பு ஒரே ஒரு தடவை விடுமுறையில் வந்தார். வந்தபோது சாக்கில் வைக்கோல் சுற்றி ஒரு பம்பளிமாசுப் பழம் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்துக் காய் மாதிரி நாக்கைப் பொசுக்கவில்லை. சுளை இளஞ்சிவப்பாக இருந்தது, அப்படி ஓர் இனிப்பு. வீட்டில் எல்லோரும் தின்றுவிட்டு விதைகளைத் துப்பிய இடத்திலேயே விட்டுப் போனார்கள். நான் உட்கார்ந்து பொறுக்கினேன். அதைப் பார்த்து அவர் சிரித்தார்.

“வெச்சிக்க. மொளச்சா அது உன்னுது. யாருக்கும் பங்கு கெடையாது,” என்றார்.

அந்த வீட்டில் ஒன்றைக் காட்டி ‘உன்னுது’ என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. என் நகைகள் என்னுடையவை என்று பேர். பெட்டிச் சாவி அத்தையின் இடுப்பில் இருந்தது. அத்தை என்றால் என் மாமியார்.

அந்த வீட்டில் எனக்கு வேறு மரியாதையே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் கைக்கு ஒரு மரியாதை இருந்தது. சம்பா நடவு தொடங்கும்போது வீட்டுப் பெண் ஒருத்தி கிழக்கே பார்த்து நின்று முதல் நாற்று முடியைப் பிரித்து நட வேண்டும். பிறகுதான் நடவுப் பெண்கள் சேற்றில் இறங்குவார்கள். கல்யாணமான வருஷம் என்னை நடச் சொன்னார்கள். அந்த வருஷம் மழை சரியாகப் பெய்தது, ஏரி நிரம்பியது, நன்றாக விளைந்தது. அதற்கு என் கை என்ன செய்யும்? ஆனாலும் ‘மருமவளுக்குக் கைராசி’ என்று பேர் வந்துவிட்டது. அதிலிருந்து எல்லா நடவுக்கும் என்னையே அழைத்தார்கள். நான் வருகிறவரை அத்தனை பேரும் வரப்பில் காத்திருப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மற்ற நாளெல்லாம் காத்திருக்கிறவள் நான்தானே.

விதைகளைக் கொட்டாங்கச்சியில் போட்டேன். மூன்று முளைத்தன. கொட்டாங்கச்சிக்கு ஒரு கண் மெல்லியது. அதைக் குத்தித் திறந்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். அந்தக் கண் வழியாக வேர் வெளியே எட்டிப் பார்த்ததும் கள்ளுக் கலயத்துக்கு மாற்றினேன். மூன்றும் அடி விரிந்து ஒழுகுகிற கலயங்கள். நல்ல கலயத்தை நான் தொடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் வீட்டில் பானையில் ஓட்டை போடக் கூடாது. மற்ற வீடுகளில் துளசிக்கோ மல்லிகைக்கோ ஆணியால் தட்டி ஓட்டை போட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை கடல் தாண்டி இருந்தார். சுடுகாட்டில் பிணத்தைச் சுற்றி வரும்போது தோளில் தூக்குகிற குடத்தைத்தான் கொத்தி ஓட்டை போடுவார்கள். ஆகவே மகன் திரும்பி வருகிறவரை இந்த வீட்டில் ஒருவரும் ஒரு பானையையும் ஓட்டை போடக் கூடாது என்பது அத்தையின் சட்டம். தானாக விரிசல் விட்டு ஒழுகினால் குற்றமில்லை. நாமாகப் போட்டால்தான் குற்றம். சண்டை தொடங்கிக் கடிதங்கள் குறையக் குறைய, சட்டம் இறுகிக்கொண்டே போனது. இதற்காக நான் அத்தையைக் கோபித்துக்கொள்ளவில்லை. பெற்ற வயிறு பயப்படத்தான் செய்யும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் வீடு வீடாகப் போய் ஒழுகுகிற பானையாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன். ஊர்ப் பெண்கள் என்னைக் கண்டாலே, “ஓட்டப் பான இன்னிக்கு ஒண்ணும் இல்லடி,” என்று கேலி செய்வார்கள்.

செடியைப் பெரிய பானைக்கு மாற்றுவதற்கு நான் ஓர் அளவு வைத்திருந்தேன். வேர்ப்பிடி மண்ணோடு செடியைத் தூக்கிப் புதுப் பானைக்குள் வைத்தால் சுற்றிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். அவ்வளவுதான். மூன்று விரல் நுழைந்தால் பானை பெரிது. சின்னச் செடி கொஞ்சம்தான் குடிக்கும். அது குடிக்காத தண்ணீர் மிச்ச மண்ணில் தங்கி மண்ணைப் புளிக்க வைக்கும். முன்பே ஒரு நாரத்தைக் கன்றைச் சோற்றுப் பானையில் வைத்து, மண் பழைய கஞ்சி மாதிரி நாறியபோது இதைத் தெரிந்துகொண்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூக்கு உள்ள யாருக்கும் தெரியும்.

செடிகள் என் முழங்கால் உயரம் வந்திருந்தன. முள் விட்டு, இலை தடித்து, கசக்கினால் கை மணக்கும். அப்போதுதான் பாகூர் வட்டாரத்துக் கொம்யூனுக்குத் தலைவரான மேர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக முடிவாயிற்று. மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்குப் பந்தல் போட்டார், சுவருக்கு வெள்ளை அடித்தார். பிறகு கொல்லைப் பக்கம் வந்து என் கலயங்களைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? சைகோன் செடிய கள்ளுக் கலயத்துல வெச்சிருக்கிற. மேர் பாத்தா இன்னா நெனப்பாரு?”

“செடி இன்னும் சின்னது மாமா. அடுத்த தபா இத வுட ரெண்டு வெரல் பெரிய பான போதும்.”

“ரெண்டு வெரலா? நம்ம வூட்ல பானைக்கா பஞ்சம்? அந்த மொடாவ எடுத்து வாசல்ல வெக்கச் சொல்றேன். வர்றவன் தெருக்கோடியில இருந்தே பாக்கணும், இது சைகோன்ல புள்ள இருக்கிற வூடுன்னு.”

மொடாவுக்கு ஓட்டை இல்லை. அதைச் சொன்னேன். அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

“ஓட்ட கீட்டன்னு வாயில வந்துது, பாத்துக்க. எம் புள்ள அங்க உசுர கையில புடிச்சிக்கினு கீறான். நீ இங்க பானைய கொத்துவியா?”

“கொத்த வேணாம் அத்த. ஒழுகுற பானையாவே பாத்து வெக்கலாம். எங்கிட்ட ஒரு தவலப் பான இருக்குது.”

“ஒழுகுற பானைய வாசல்ல வெக்கிற வூடாடி இது?” என்றார் மாமனார்.

பாருங்கள், எப்படிச் சிக்கிக்கொண்டேன் என்று. ஓட்டை இல்லாத பானைதான் வேண்டும். அதில் ஓட்டை போடவும் கூடாது. பெருமைக்குப் பெரிய பானை, பயத்துக்கு மூடிய பானை. நடுவில் என் செடி. “செடி செத்துப் போயிடும் மாமா,” என்று சொன்னேன். தெளிவாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். “நல்ல நாளும் அதுவுமா சாவுன்னு பேசுறா பாரு,” என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

மொடாவை வாசலில் நிறுத்திக் காவி பூசி வெள்ளைக் கோடு இழுத்தார்கள். உள்ளே ஏரி வண்டலைக் கொட்டி நிரப்பினார்கள். பாகூர் ஏரி வண்டல் என்றால் வயலுக்கு அமிர்தம். பானைக்குள் அது வெறும் களி. ஒரு முறை நனைந்தால் தண்ணீரை விடவே விடாது. அடியில் உடைந்த ஓடாவது போடுகிறேன் என்று கெஞ்சினேன். நேரமில்லை என்றார்கள். மூன்று செடியையும் தூக்கியபோது அத்தை ஒன்றைத் தடுத்தார். “மூணு ஆவாது. ஜோடியா ரெண்டு வையி.” அந்த ஒன்று மட்டும் கலயத்தோடு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனது. அந்த வீட்டின் சாஸ்திரம் எனக்குச் செய்த ஒரே நல்லது அதுதான்.

அவ்வளவு பெரிய மொடாவில் அந்த இரண்டு செடியும் இரண்டு விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நின்றன. மேர் வந்தார். சாப்பிட்டார். வெற்றிலை போட்டார். சைகோன் செடி என்று மாமனார் காட்டியபோது, “ஓகோ,” என்றார். பிறகு அந்த மொடாவுக்குள்ளேயே வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வண்டி ஏறினார்.

சிரிக்கலாம். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது சித்திரவதை. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து அத்தை மொடாவுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார், மகன் நன்றாக இருக்க வேண்டும் என்று. நான் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கொட்டாங்கச்சியால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுவேன். அவர் ஊற்ற, நான் மொள்ள, இப்படியே போனது. கீழ் இலை மஞ்சளாயிற்று. “தண்ணி பத்தல,” என்றார் மாமனார். இன்னொரு செம்பு ஏறியது. மேல் இலை தொங்கியது. “வெயிலு,” என்றார், மூன்றாவது செம்பு. மண் நாறத் தொடங்கியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்களே தவிர, ஏன் நாறுகிறது என்று ஒருவர் கேட்கவில்லை. ஐப்பசி மழை வேறு கொட்டி மொடா விளிம்பு வரை நிரம்பியது. மழை விட்டு நான் ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தேன். தொட்ட கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, தோல் உரிந்து, வெறும் நாராக இருந்தது.

நான் அழுதேன். அது போகட்டும். பார்க்க வந்த ஒரு சொந்தக்காரப் பெண்ணிடம் மாமனார் சொன்னது என் காதில் விழுந்தது.

“அவ வெச்சது. பட்டுப் போச்சு. கை அப்படி. வவுத்துலயும் ஒண்ணும் தங்கல, மண்ணுலயும் ஒண்ணும் தங்கல.”

புருஷன் சைகோனில் இருக்கிறார். வயிற்றில் எங்கேயிருந்து தங்கும்? அதை அந்தப் பெரிய மனுஷனிடம் யார் கேட்பது? வைத்தவர் அவர். வண்டல் கொட்டியவர் அவர். செத்துப் போகும் என்று சொன்னவள் நான். கடைசியில் கை மட்டும் என்னுடையதாகிவிட்டது.

அந்த வருஷ நடவுக்கு நான் வழக்கம்போல் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுத் தயாராக நின்றேன். என்னை யாரும் அழைக்கவில்லை. கொழுந்தன் பெண்டாட்டியை, என் ஓரகத்தியை, அழைத்துப் போனார்கள். அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், பாவம். வரப்பில் நின்ற ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ‘கைராசி போன மருமவ’ என்று ஆயிற்று. கல்யாண வீட்டில் முகூர்த்தக்கால் பக்கம் நான் போனால் யாராவது ஒருத்தி மெதுவாக என்னை ஒதுக்குவாள். பக்கத்து வீட்டில் பூசணி விதை போடும்போது நான் நின்றிருந்தால், போடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் நகர்ந்த பிறகு போடுவார்கள்.

மூன்றாவது செடியை நான் யாரிடமும் சொல்லாமல் வளர்த்தேன். கலயம், பிறகு அந்தத் தவலைப் பானை, பிறகு வாய் உடைந்து அடி விரிந்த ஒரு சால். ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல்தான். ஆத்திரத்தில்கூட மூன்று விரல் விடவில்லை. சாலிலும் வேர் முட்டியதும் கொட்டகைக்குப் பின்னால் தரையில் குழி வெட்டி இறக்கினேன். மாடு கழுவுகிற தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும். முள்ளுக்குப் பயந்து யாரும் கிட்டே வரவில்லை. ஏதோ காட்டு எலுமிச்சை என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடிதங்கள் அடியோடு நின்றன. சைகோனுக்குச் சப்பான்காரன் வந்துவிட்டான் என்றார்கள், கப்பல் இல்லை என்றார்கள். வாசல் மொடா அப்படியே நின்றது. உள்ளே வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. செடி இல்லை, ஆனால் அத்தை அதற்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தார். ஓட்டை படாத பானை நிற்கிறவரை மகனுக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குள் ஊன்றிவிட்டது. மாமனாரும் வெளியே போகும்போது அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் செடிகளின் சவக்குழிக்கு மஞ்சளும் குங்குமமும்! நான் அதைக் கடந்து தினமும் தண்ணீர்க் குடத்தோடு போனேன், வந்தேன்.

சண்டை முடிந்து, ஒரு புரட்டாசி மாசம் என் புருஷன் வந்தார். இளைத்து, கறுத்து, பாதித் தலை நரைத்து, ஆனால் உயிரோடு வந்தார். தெருவே கூடிவிட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. அவர் படியேறுவதற்கு முன்பே மாமனார் அவர் கையைப் பிடித்து மொடாவுக்கு முன்னால் நிறுத்தினார்.

“இதும் புண்ணியத்துலதான் நீ வந்த. ஒரு ஓட்ட படாம காப்பாத்தினோம். கும்புடு.”

என் புருஷன் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, ஞாபகம் வந்தவராக, “இதுல சைகோன் செடி வெச்சதா எழுதினீங்களே? எங்க?” என்று கேட்டார்.

“பட்டுப் போச்சுப்பா. இவளுக்குக் கைராசி இல்ல.”

அத்தனை பேர் முன்னால் சொன்னார். நான் என் புருஷன் முகத்தைப் பார்த்தேன். ‘அது உன்னுது’ என்று சொன்ன மனிதர் ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “போவுது வுடு, ஒரு செடிதானே,” என்றார்.

கடப்பாரை கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. நான் போய் எடுத்து வந்ததை யாரும் தடுக்கவில்லை. எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. மொடாவின் வயிற்றில் கீழாகப் பார்த்து ஓங்கிக் குத்தினேன். முதல் குத்தில் ஓட்டை விழுந்தது. இரண்டாவது குத்தில் பாதி மொடா பெயர்ந்து வண்டல் சரிந்தது. அத்தை தலையில் அடித்துக்கொண்டு அலறினார்.

“தோ நிக்கிறாரு உங்க புள்ள,” என்றேன். “சாவல. நல்லா பாத்துக்குங்க. அன்னிக்கே இந்த ஓட்டைய போட வுட்டிருந்தா எஞ்செடியும் செத்திருக்காது.”

கடப்பாரையைக் கீழே போட்டேன். நான் என் புருஷனைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனேன். மரம் கூரைக்கு மேலே போயிருந்தது. அந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. முள்ளுக்குள்ளே நாலைந்து காய் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் காயைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுவா? இதுவா?” என்று குழந்தை மாதிரி கேட்டார். பிறகு சந்தோஷம் தாங்காமல் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமனார் வந்தார், அண்ணாந்து பார்த்தார், மீசையைத் தடவினார்.

“நான் சைகோன் செடின்னு சொன்னேன் இல்ல? நம்ம வூட்டு மண்ணு, வராம எங்க போவும்!” என்றார்.

மறுநாளிலிருந்து வருகிறவர்களையெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய் அதையே சொன்னார். மொடாவைப் பற்றிப் பேச்சில்லை. என் கையைப் பற்றியும் பேச்சில்லை. அத்தை மட்டும் மகனுக்குத் தும்மல் வந்தால்கூட என்னை முறைத்துக்கொண்டிருந்தார். என் புருஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

நடவு வந்தது. அன்று காலை அத்தையே என்னிடம் வந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

“வாடி. மொத நாத்த நீ வையி.”

போனேன். வரப்பில் எல்லோரும் நின்றார்கள், பழைய மாதிரியே எனக்காகக் காத்துக்கொண்டு. ஓரகத்தி நாற்று முடியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. மாமனார் எதிர் வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

“மாமா, எனக்குக் கைராசி இல்லன்னு ஊரு முன்னால சொன்னீங்க. செடி செத்தது உங்க மொடாவாலன்னு இதே ஊரு முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க. நான் எறங்குறேன்.”

அவர் ஏரிக்கரையைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். “நேரம் போவுது, யாராவது ஒருத்தி வையிங்கம்மா,” என்றார். என் புருஷன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓரகத்தி இறங்கினாள். நான் வீட்டுக்கு நடந்தேன். மாமனார் சாகிறவரை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை; அதற்குப் பிறகு நான் ஒரு வயலிலும் முதல் நாற்று வைக்கவில்லை.

அன்று வீட்டில் யாரும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் போய், முள் கையைக் கிழிக்கக் கிழிக்க எல்லாக் காயையும் பறித்துவிட்டேன். மாமனார் பெரிய காய்களை மேருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பச்சைக் காய்களை மாட்டுக்குப் போட்டேன். பழுத்திருந்த ஒன்றை அரிவாளால் பிளந்தேன். சுளை வெளுத்திருந்தது. சைகோன் பழத்தின் இனிப்பு அதில் இல்லை; பல் கூசுகிற புளிப்பு. மரத்தடியில் உட்கார்ந்து ஒரு சுளை விடாமல் நானே தின்று முடித்தேன்.